யார் குப்பை, யார் தலையில்?

தன் வீட்டுக் குப்பையைக் கூட்டி அள்ளி அடுத்த வீட்டு வாசலில் கொட்டுகிறவனை ஊரார் நல்லவன் என்று சொல்லமாட்டார்கள். கொட்டியதோடு நில்லாமல், "இதனால் உனக்கு யாதொரு தீங்கும் இல்லை, உன் வாசல் ஏற்கெனவே அழுக்காய்த்தானே கிடக்கிறது" என்று அவன் நியாயமும் பேசுவானாயின், அவ்வாசலை முன்னமே அழுக்காக்கியவனும் அவனேயென்று தெரியவருமாயின், அவனை என்ன பெயரிட்டு அழைப்பது? தோட்டத்து லயத்திலாயினும் பட்டணத்துச் சந்திலாயினும் இப்படி ஒருவன் நடந்துகொண்டால் அன்று மாலையே நாலு பேர் கூடி அவனை நிறுத்திக் கேட்டுவிடுவார்கள். ஆனால், உலகத்தின் மிகப்பெரிய வல்லரசு என்று பெயர் பெற்ற அமெரிக்கா, பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே வாழும் சில நூறு ஏழை ஜனங்களிடத்தில் இதையே செய்தும் இதையே பேசியும் வருகின்றது. அதை நிறுத்திக் கேட்கும் பஞ்சாயத்தைத்தான் காணோம்.

நாம் சொல்லவந்தது மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த ரூனிட் என்னும் சிறு தீவில் கவிழ்த்து வைத்த தாம்பாளம்போலக் கிடக்கும் சிமெண்டு மூடியைப் பற்றியதாகும். அதன் அடியில் அணுகுண்டுச் சோதனைகளின் எச்சமாகிய நச்சு மண்ணும் உடைசல்களும் புதைக்கப்பட்டிருக்கின்றன. அது எவ்வாறு அங்கு வந்தது, அதைக் காப்பவர் யார், எத்தனை காலம் காக்க வேண்டும் என்னும் கேள்விகளுக்கு அமெரிக்க சர்க்கார் கூறும் விடைகள் எவ்வளவு யோக்கியமானவை என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கதை 1946-இல் தொடங்குகின்றது. அவ்வாண்டு பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிக்கினித் தீவார் கோயில் வழிபாடு முடித்து வெளியே வந்த வேளையில், அமெரிக்கக் கடற்படைத் தளபதி பென் வையட் என்பவர் அவர்கள் முன் வந்து அமர்ந்தார். மனித குலத்தின் நன்மைக்காகவும், இனி உலகில் யுத்தமே இல்லாமற் செய்வதற்காகவும் அவர்கள் தங்கள் தீவைச் சில காலம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டார். அவர்களை, எதிரிகளிடமிருந்து கடவுளால் மீட்கப்பட்டு வாக்களிக்கப்பட்ட நாட்டுக்கு நடத்திச் செல்லப்பட்ட இஸ்ரவேல் மக்களுக்கு ஒப்பிட்டும் பேசினார். தீவின் தலைவர் ஜூடா, எல்லாம் கடவுளின் கையில் இருக்கிறது என்று சொல்லிச் சம்மதித்தார். பிறகு இக்காட்சியைப் படம் பிடிப்பதற்காக அந்த ஜனங்களை மறுபடியும் மறுபடியும் நடிக்கவும் வைத்தார்கள்!

இதை வாசிக்கும்போது நமக்குச் சிரிப்பும் வருகின்றது, வயிறும் எரிகின்றது. கடவுளின் கையில் ஒன்றும் இருக்கவில்லை. அன்றைக்கு எல்லாம் தளபதியின் கையில்தான் இருந்தது. ஏழையின் நிலத்தைப் பிடுங்கப் போகிறவன் துப்பாக்கிக்கு முன்பாக வேதத்தையே கையில் எடுக்கிறான் என்பதற்கு நம் நாட்டுப் புராணங்களிலிருந்தும் கோயில் மானியங்களின் சரித்திரத்திலிருந்தும் நாம் எத்தனையோ சான்றுகள் காட்டியிருக்கின்றோம். விதியென்றும் தெய்வச் செயலென்றும் சொல்லித் தலையாட்டும் பழக்கம் கருப்பன், வெள்ளையன், கிறிஸ்தவன், இந்து என்னும் பேதமின்றி எல்லா ஏழைகளையும் ஒரே பள்ளத்தில்தான் தள்ளுகின்றது. வாக்களிக்கப்பட்ட நாடு என்று அழைத்துப்போன ரோங்கரிக் தீவில் அந்த 167 பேரும் பட்டினியால் வாடினார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் அங்கிருந்தும் அவர்களைப் பெயர்க்க வேண்டியதாயிற்று.

நிற்க. 1947-இல் ஐக்கிய நாடுகள் சபை அத்தீவுகளை அமெரிக்காவின் தர்மகர்த்தா பொறுப்பில் ஒப்படைத்தது. அங்குள்ள ஜனங்களின் நிலத்துக்கும் செல்வத்துக்கும் நஷ்டம் வராமற் காப்பதாக அமெரிக்கா எழுத்து மூலமாகவே வாக்குக் கொடுத்தது. அந்த எழுத்தின் மை உலருமுன்னே, அதே ஆண்டு டிசம்பரில், எனிவெடாக் தீவாரை உஜெலாங் என்னும் தீவில் கொண்டுபோய்விட்டார்கள். 1946 முதல் 1958 வரை மார்ஷல் தீவுகளில் 67 அணுகுண்டுகள் வெடிக்கப்பட்டன. அவற்றில் 43 எனிவெடாக்கில். 1952 நவம்பர் 1-ஆம் தேதி வெடித்த முதல் ஹைட்ரஜன் குண்டு, ஹிரோஷிமாவை அழித்த குண்டைப்போல் ஏறக்குறைய 700 மடங்கு சக்தி உடையது. அது எலுகெலாப் என்னும் தீவையே இல்லாமற் செய்துவிட்டது. தீவு இருந்த இடத்தில் ஒரு மைலுக்கு மேல் அகலமும் 160 அடிக்கு மேல் ஆழமும் உள்ள கடற்குழி ஒன்றுதான் மிச்சம். நிலத்தைக் காப்பதாக வாக்களித்த தர்மகர்த்தா நிலத்தைக் காணாமலே அடித்துவிட்டார்!

1954 மார்ச் 1-ஆம் தேதி பிக்கினியில் வெடித்த குண்டோ கணக்குப் போட்டவர்களின் கணக்கையே பொய்யாக்கி இரண்டரை மடங்கு வேகத்துடன் வெடித்தது. வெள்ளைச் சாம்பல் ரோங்கிலாப் தீவின்மேல் மழைபோல் விழ, குழந்தைகள் அதில் விளையாடினார்கள். அவ்வழியே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் 23 பேரும் நோயுற்றனர். அவர்களுள் தந்தி இயக்குபவராயிருந்த குபோயாமா என்பவர் செப்டம்பரில் மாண்டார். அவ்வாண்டு ஏப்ரலிலேயே மார்ஷல் தீவார் ஐக்கிய நாடுகள் சபைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டார்கள். விண்ணப்பம் வந்து சேர்ந்தது. குண்டு வெடிப்பது நிற்கவில்லை. மேலும் நான்கு ஆண்டுகள் வெடித்துக்கொண்டேயிருந்தது.

ரூனிட் தீவின் பள்ளம் உண்டானது 1958 மே மாதத்தில். அவ்வாண்டுச் சோதனைகளுக்கெல்லாம் மரஞ்செடிகளின் பெயரை இட்டிருந்தார்கள். இந்தக் குண்டுக்குக் கள்ளிச்செடியின் பெயர், மற்றொன்றுக்கு அத்தியின் பெயர். தென்னங்காயையும் தின்ன முடியாதபடி செய்துவிட்டுச் செய்கைக்கு மரத்தின் பெயரை வைக்கும் ரசனையை என்னென்பது! கள்ளிக் குண்டு தோண்டிய பள்ளம் சுமார் 350 அடி அகலமும் 30 அடி ஆழமும் உடையது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதே தீவில் வைத்த வேறொரு குண்டு வெடிக்க வேண்டியபடி வெடிக்காமல், அதற்குள்ளிருந்த புளூட்டோனியத்தை மண்ணெங்கும் தூளாக வாரி இறைத்துவிட்டது.

புளூட்டோனியம் என்பது என்னவென்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அது குண்டின் கருவாக உள்ள உலோகம். வெளியே கிடந்தால் அதன் கதிர் தோலைத் தாண்டாது. ஆனால் அதன் தூசு மூச்சோடு நெஞ்சுக்குள் புகுந்து தங்கிவிட்டால் பல்லாண்டுகள் இருந்து புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. அதன் விஷம் பாதியாகக் குறைவதற்கு 24,100 ஆண்டுகள் செல்லும். நாம் நம்முடைய இலக்கியம் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று மார்தட்டிக்கொள்கிறோம். அந்தப் பழமையைப்போலப் பன்னிரண்டு மடங்கு காலம் சென்றபின், இந்த விஷத்தில் பாதி அப்படியே இருக்கும். இன்னும் பன்னிரண்டு மடங்கு சென்றாலும் காற்பங்கு இருக்கும். இதைக் கட்டிக் காப்பதற்கு எப்படிப்பட்ட பெட்டகம் வேண்டுமென்று வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

எனிவெடாக் ஜனங்கள் ஊர் திரும்பவேண்டுமென்று விடாது கேட்டதன் பேரில், 1977 முதல் 1980 வரை அமெரிக்கப் படையினர் சுமார் 4,000 பேர் வந்து துப்புரவு செய்தார்கள். வாரிய மண்ணைக் கடலில் கொட்டுவதா, அமெரிக்காவுக்கே கொண்டுபோவதா என்றெல்லாம் ஆலோசனைகள் நடந்தன. கடலில் கொட்டினால் உலகம் ஏசும், அமெரிக்காவுக்குக் கொண்டுபோனால் சொந்த ஜனங்கள் ஏசுவர், செலவும் மிகும். ஆகவே மலிவான வழி கண்டார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் கன கெஜம் மண்ணையும் உடைசலையும் கள்ளிக் குண்டின் பள்ளத்தில் கொட்டி, பெரும்பகுதியைச் சிமெண்டோடு குழைத்து, மேலே 18 அங்குல கனத்தில் 358 கான்கிரீட் பலகைகளைப் பரப்பி மூடிவிட்டார்கள்.

மேலே மூடி போட்டார்கள், கீழே? கீழே ஒன்றும் இல்லை! பள்ளத்துக்கு அடித்தளம் போடவில்லை. பவழப் பாறையோ கடற்பஞ்சுபோலத் துளைகள் நிறைந்தது. கடல் பெருகும்போது மூடியின் கீழுள்ள நிலத்தடி நீரும் பெருகுகின்றது. கடல் வற்றும்போது அதுவும் வற்றுகின்றது. அடியில்லாப் பானைக்கு மூடி எதற்கு? காற்றிலே தூசு பறவாமல் தடுக்குமே என்பார்கள். அது மெய்தான், அவ்வளவுக்கே அது உதவும். கவிகையின் மேற்பரப்பில் இப்போது வெடிப்புகளும் தோன்றியிருக்கின்றன. தீவோ கடல் மட்டத்துக்குச் சில அடிகளே உயர்ந்தது. கடல் மட்டம் ஆண்டுக்காண்டு உயர்ந்துவரும் காலத்தில், 24,000 ஆண்டு விஷத்துக்கு இதுதான் பெட்டகம்!

இனி இதே அமெரிக்கா தன் சொந்த மண்ணில் இதே விஷத்தை எவ்வாறு வைத்திருக்கின்றது என்று பார்ப்போம். நியூ மெக்சிகோ மாகாணத்தில் கார்ல்ஸ்பாட் என்னும் ஊருக்கு அருகே, பூமிக்குக் கீழே 2,150 அடி ஆழத்தில், பல கோடி ஆண்டுகளாக நீர் புகாத உப்புப் படுகையைக் குடைந்து அறைகள் அமைத்திருக்கிறார்கள். அணு ஆயுதம் செய்ததில் மிஞ்சிய புளூட்டோனியக் கழிவுகளை வைப்பதற்கென்றே அது 1999-இல் திறக்கப்பட்டது. 10,000 ஆண்டுகளுக்கு அவ்விஷம் வெளியேறாது என்று கணக்குக் காட்டினாலன்றி அங்கே ஒரு பீப்பாயும் இறக்கக்கூடாதென்பது அந்நாட்டுச் சட்டம். பதினாயிரம் ஆண்டுக்குப் பின் வரும் மனிதனுக்கு ஆங்கிலம் தெரியாமற் போகலாமே, அவனை எந்தக் குறியிட்டு எச்சரிப்பது என்று ஆராய்வதற்காக மொழி நிபுணர்களையும் சிற்பிகளையும் கூட்டிச் சபை நடத்தினார்கள். பிறவாத அமெரிக்கனுக்கு இவ்வளவு மரியாதை! பிறந்து வாழ்ந்துகொண்டிருக்கும் எனிவெடாக் குழந்தைக்குப் பதினெட்டு அங்குலச் சிமெண்டு.

அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய அந்தப் பாதாள அறையிலுங்கூட 2014 பிப்ரவரியில் ஒரு பீப்பாய் வெடித்து, கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் அதை மூடிவைக்கும்படி நேர்ந்தது. காரணம் யாதென்றால், கழிவில் ஈரத்தை உறிஞ்சுவதற்காகச் சேர்க்கும் பொருளில் ஒரு தினுசுக்குப் பதிலாக வேறு தினுசைக் கலந்துவிட்டார்களாம். வீட்டுப் பூனைகளின் கழிவுக்கு இடும் தூள் அது! 2,150 அடி ஆழத்திலேயே மனிதனின் கவனக்குறைவு இப்படி வேலை செய்யுமானால், கடலோரத்துப் பள்ளத்தைப் பற்றிப் பேசுவானேன்?

இதற்கு அமெரிக்க சர்க்காரின் சமாதானம் என்ன? 2020 ஜூனில் அதன் எரிசக்தி இலாகா காங்கிரஸ் சபைக்கு அளித்த அறிக்கையில், மூடி உடனே இடிந்து விழும் நிலையில் இல்லை என்றும், அதிலிருந்து கசியும் நீரால் சுற்றுப்புறத்தில் அளந்தறியத்தக்க கெடுதல் எதுவும் தோன்றவில்லை என்றும் சொல்லப்பட்டிருக்கின்றது. இதைப் பொய்யென்று நாம் சொல்ல வரவில்லை. அளந்தவர்கள் விஞ்ஞானிகள், அவர்களுடைய கருவிகளோடு நமக்கு வழக்கில்லை. விஞ்ஞானத்தை ஏசிவிட்டு மந்திரத்துக்கும் தாயத்துக்கும் திரும்புகிறவர்களும் நாமல்லோம். ஆனால் அந்த அளவு ஏன் அவ்வளவு சிறியதாகத் தோன்றுகிறது என்பதற்கு அவர்கள் தரும் காரணத்தைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். மூடிக்குள் இருப்பதைவிட வெளியே உட்கடலின் அடிச்சேற்றில் கிடக்கும் புளூட்டோனியம் மிக மிக அதிகம். உள்ளேயிருப்பது மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே உள்ளேயிருப்பது முழுவதும் வெளியே வந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. 2013-ஆம் ஆண்டு அறிக்கையிலும் இதே வாதந்தான் இருந்தது.

இதைக் காட்டிலும் பெரிய குற்ற ஒப்புதல் வேறென்ன வேண்டும்? உட்கடல் தானாக நஞ்சாகவில்லை. கடல் அழுக்காயிருப்பதால் மூடி கசிவதில் குற்றமில்லை என்று சொல்லும் வாய், கடலை அழுக்காக்கியது யார் என்று கேட்டால் மூடிக்கொள்கிறது. நூற்றில் ஒரு பங்கைத்தான் அள்ளி மூடினோம், தொண்ணூற்றொன்பது பங்கை ஜனங்கள் மீன் பிடிக்கும் நீரிலேயே விட்டுவிட்டோம் என்பது பாதுகாப்புக்குச் சான்றா, பாதகத்துக்குச் சான்றா?

"பயமில்லை" என்னும் சொல்லை அத்தீவார் இதற்கு முன்பும் கேட்டிருக்கின்றனர். பயமில்லை என்று சொல்லி 1957-இல் ரோங்கிலாப் ஜனங்களைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். பிள்ளைகளுக்குக் கழுத்தில் கட்டியும் புற்றும் கண்டு, 1985-இல் அந்த ஜனங்கள் தாங்களாகவே ஊரைக் காலி செய்து, ஒரு தொண்டுக் கழகத்தின் கப்பலேறி வெளியேறினார்கள். பயமில்லை என்று 1968-இல் பிக்கினிக்கும் பிரகடனம் செய்தார்கள். போய்க் குடியேறியவர்கள் தங்கள் தென்னையின் காயைத் தின்று, அதன் வழியாக சீசியம் என்னும் கதிர்ப்பொருளை உடலில் ஏற்றிக்கொண்டதைக் கண்டு, 1978-இல் மறுபடியும் அவர்களை வெளியேற்றினார்கள். தோட்டங்களில் மருந்தடிக்கும் நம் பெண்களுக்கு இதைப் பற்றி விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை முறைப்படி அடித்தால் ஆபத்தில்லை என்று எத்தனை ஆண்டுகள் அவர்களுக்குச் சொல்லப்பட்டது! மலேசியாவில் 2002-இல் தடை விதித்து, 2006-இல் அதைத் தளர்த்தி, 2020-இல்தான் முற்றாகத் தடுத்தார்கள். பயமில்லை என்று சொன்னவர் எவரும் முதுகில் தோம்பைச் சுமந்தவரல்லர்.

இன்னொன்று. துப்புரவு வேலைக்கு வந்த அமெரிக்கப் படையினருள் பலர் வெறும் கால்சட்டையும் தொப்பியுமாக நின்று அந்த மண்ணை வாரினார்கள். பிற்காலத்தில் நோயுற்று, பல்லாண்டுகள் தங்கள் சர்க்காரோடு வழக்காடினார்கள். கடைசியில் 2022-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், 1977 முதல் 1980 வரை எனிவெடாக்கில் துப்புரவு செய்தவர்களைக் கதிரியக்கத்துக்கு ஆட்பட்டவர்களாகவே கொண்டு, அவர்களுக்குச் சில புற்றுநோய்கள் வந்தால் சிகிச்சையும் உதவியும் தரவேண்டுமென்று விதித்தது. மிகவும் நியாயம்; அந்த ஏழைச் சிப்பாய்களுக்காக நாம் மகிழ்கின்றோம். ஆனால் மூன்று ஆண்டுகள் அந்த மண்ணை வாரியவனுக்கு நோய் வரலாமென்று சட்டம் எழுதுகிறவர்கள், பிறந்தது முதல் சாகும் வரை அந்த மண்ணின் பக்கத்தில் வாழ்பவனுக்கு மட்டும் ஒன்றும் வராதென்று அறிக்கை எழுதுவது எந்த விஞ்ஞானம்?

சரி, கணக்கையெல்லாம் 1986-லேயே தீர்த்தாயிற்றே என்பார்கள். அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி அமெரிக்கா 15 கோடி டாலர் கொடுத்தது. குண்டுச் சோதனைகளைப் பற்றிய சகல வழக்குகளுக்கும் அதுவே முழுமையான, முடிவான தீர்வு என்று அதில் எழுதிக்கொண்டது. அந்த உடன்படிக்கையின் கீழ் ஏற்பட்ட நியாய மன்றமே விசாரித்து, கொடுக்கவேண்டிய நஷ்டஈடு 200 கோடி டாலருக்கும் மேலாகும் என்று தீர்ப்புச் சொன்னது. பெட்டியில் பணமில்லை. தீர்ப்புப் பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தீவார் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள்; 2010-இல் வழக்கை எடுத்துக்கொள்ளவே அது மறுத்துவிட்டது. 2024-இல் உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டபோது 70 கோடி டாலரில் ஒரு நிதி ஏற்பட்டது. என்றாலும், பழைய கணக்கு தீர்ந்த கணக்கே என்பதை அமெரிக்கா விட்டுக்கொடுக்கவில்லை.

உடன்படிக்கை எப்படிப்பட்டவர்களுக்கிடையே ஏற்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது. ஒருபுறம் நாற்பது ஆண்டுகளாக ஆண்டுவந்த தர்மகர்த்தா. மறுபுறம் விடுதலை வேண்டுமானால் கையெழுத்திடு என்று சொல்லப்பட்ட சிறு தீவார். நம் பாட்டன்மார் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியபோது கைநாட்டு வைத்த தாள்களும் சட்டப்படி செல்லத்தக்க தாள்களாகவே இருந்தன. 1910-இல் அந்த முறையை ஒழித்தபோது, கைநாட்டு வைத்துவிட்டாயே, இனி என்ன பேச்சு என்று நியாயவான்கள் எவரும் சொல்லவில்லை. அன்றியும், எனிவெடாக்காருக்கு முழு உண்மையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்களா? 1958-இல் அமெரிக்காவின் நெவாடாச் சோதனைக் களத்திலிருந்து 130 டன் மண்ணைக் கப்பலேற்றி எனிவெடாக்குக்கு அனுப்பிய செய்தி, 2019-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்ட பிறகே அந்தத் தீவாருட் பலருக்குத் தெரியவந்தது. விற்கிறவன் பொருளின் பழுதை மறைத்தால் கடைத்தெரு வியாபாரமே செல்லாது. ஒரு ஜாதியாரின் நிலமும் உயிரும் பற்றிய உடன்படிக்கை மட்டும் செல்லுமா?

அமெரிக்காவை மட்டும் ஏசுவதாக யாரும் எண்ணவேண்டாம். நம்மை ஆண்ட பிரிட்டிஷாரும் இதில் இளைத்தவர்களல்லர். ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் மரலிங்கா என்னும் இடத்தில், அந்நாட்டு ஆதிக்குடிகளின் நிலத்தில், 1956 முதல் 1963 வரை சோதனைகள் நடத்தி, சுமார் 22 கிலோ புளூட்டோனியத்தை மண்ணில் இறைத்தார்கள். மண்ணைப் புரட்டி உழுதுவிட்டு, எல்லாம் சுத்தமென்று சொல்லி, 1968-இல் தங்கள் பொறுப்பு தீர்ந்ததாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். சுத்தமில்லை என்பது பின்னால் வெளிப்பட்டது. 1993-இல் 2 கோடி பவுன் கொடுத்தார்கள். பத்துக் கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவழித்து 2000-இல் மறு துப்புரவு முடிந்தது. அப்போதும் அந்த விஷம் எங்கே போயிற்று? அதே நிலத்தில் வெட்டிய அகழிகளில்தான். பிரெஞ்சுக்காரர் பொலினீசியாவில் 1966 முதல் 1996 வரை 193 குண்டுகளை வெடித்து, மொருரோவாத் தீவின் வயிற்றை நிரப்பியிருக்கிறார்கள். தன் தலைநகரத்துக்குப் பக்கத்தில் சோதனை நடத்திய சாம்ராஜ்யம் ஒன்றுகூட இல்லை என்பதைப் படத்தில் பார்த்தால் சிறு பிள்ளையும் அறிந்துகொள்ளும்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் கனவான்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் பேராக் மாநிலத்துத் தோழர்களைக் கேட்கட்டும். ஈயச் சுரங்கத்தில் மிஞ்சும் அமாங் மணலிலிருந்து அரிய உலோகங்களைப் பிரித்த தொழிற்சாலை ஒன்று புக்கிட் மேராவில் 1982-இல் தொடங்கியபோது, அதன் தோரியக் கழிவைப் பாப்பான் என்னும் ஊரருகே அகழி வெட்டிப் புதைக்க ஏற்பாடு நடந்தது. 1984-இல் ஊரார் திரண்டெழுந்து மறித்தார்கள், இடம் மாற்றப்பட்டது. புக்கிட் மேராக்காரர் வழக்காடி, 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வென்று, 1993-இல் மேல் நீதிமன்றத்தில் தோற்றார்கள். எனினும் 1994-இல் தொழிற்சாலை மூடப்பட்டே விட்டது. அது குண்டின் கழிவன்று; அளவிலும் வேறு. ஆயினும், அங்கே ஜனங்களுக்குத் திரள்வதற்கு ஒரு தெருவும், வழக்காடுவதற்கு ஒரு நீதிமன்றமும், பக்கத்தில் ஒரு பட்டணமும் இருந்தன. எனிவெடாக்காருக்கு இவற்றில் எது இருக்கிறது?

அன்றியும், 2017-இல் ஐக்கிய நாடுகள் சபையில் அணு ஆயுதங்களை விலக்கும் உடன்படிக்கைக்கு 122 நாடுகள் வாக்களித்தன. சிங்கப்பூர் மட்டும் வாக்களியாமல் நடுவில் நின்றது. மலேசியாவோ ஆதரித்து, 2020-இல் அதனை முறைப்படி ஏற்றுக்கொண்டும் இருக்கின்றது. 2021 ஜனவரி முதல் நடப்பிலுள்ள அவ்வுடன்படிக்கையின் ஆறாவது, ஏழாவது ஷரத்துக்கள், குண்டுச் சோதனையால் கெட்ட நிலத்தைச் சீர்செய்யவும், பாதிக்கப்பட்டவருக்கு உதவவும், அதற்கு உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று கைகொடுக்கவும் வேண்டுமென்று சொல்கின்றன. கையெழுத்திட்டால் கடமை வரும். நம் சர்க்கார் ரூனிட்டைப் பற்றி உலக சபைகளில் பேச வேண்டுமென்று கேட்பதற்கு மலேசியப் பிரஜைகளாகிய நமக்குப் பூரண பாத்தியதை உண்டு. சிங்கப்பூர்த் தோழர்களுக்கோ அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கின்றது: ஏன் நடுவில் நின்றோம்?

அப்படியானால் அந்த மண்ணை எங்கேதான் வைப்பது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பள்ளத்தைத் திறந்தால் தூசு கிளம்பும், வேலைக்காரர்களுக்கு ஆபத்து என்பதும் மெய். ஆகவே நாளைக்கே தோண்டு என்று நாம் கூச்சலிடவில்லை. முதலில், 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூடியைக் கண்ணால் பார்த்து அறிக்கை எழுதுவது குண்டு போட்ட சர்க்காரின் ஆட்களாகவே இருப்பது ஒழியவேண்டும். தீவார் தாங்களே தேர்ந்தெடுக்கும் நிபுணர்கள், தீவார் நம்பும் கருவிகளோடு, மூடியை மட்டுமன்றி உட்கடலையும் அளக்கவேண்டும். நியாய மன்றத்தின் தீர்ப்புப்படியான பாக்கி கொடுக்கப்படவேண்டும். வடபகுதியிலுள்ள எஞ்செபித் தீவார் 1947-இல் பெயர்க்கப்பட்டவர்கள். 1980-இல் மற்றவர் ஊர் திரும்பியபோதும் அவர்களுடைய தீவு குடியிருக்கத் தக்கதாக இல்லை. அவர்கள் தங்கள் சொந்த மண்ணில் எப்போது அடுப்பு மூட்டலாம் என்பதற்கு ஒரு தேதி சொல்லப்படவேண்டும்.

பிறகு, அந்த நிபுணர்கள் மண்ணை எடுப்பதே தக்கது என்று முடிவு கூறுவார்களாயின், வைப்பதற்கு இடமில்லை என்று அமெரிக்கா சொல்லமுடியாது. கடுமையான விஷத்துக்கு நியூ மெக்சிகோவில் 2,150 அடி ஆழத்தில் உப்பறை இருக்கின்றது. நீர்த்த விஷமுள்ள மண்ணுக்கு நெவாடாச் சோதனைக் களத்திலேயே அணு ஆயுதக் கழிவுகளைப் புதைக்கும் நிலம் இருக்கின்றது. 130 டன் மண் எனிவெடாக்குக்குப் புறப்பட்டு வந்ததும் அந்த நெவாடாவிலிருந்துதான். வந்த வழி அவர்களுக்குத் தெரியும். கப்பல்களும் அவர்களிடமே இருக்கின்றன.